என் பக்கத்து பிரேக்

அம்மிணி, உங்களுக்கு அந்த வாசனை வருகிறதா? இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோன மாதிரி ஒரு வாசனை. வருகிறதல்லவா? பயப்படாதீர்கள், பிரேக்தான். மலை இறங்குகிற பஸ்ஸுக்கு அது வியர்வை. திம்பம் முழுக்க இப்படித்தான் வரும், பண்ணாரியில் தரை வந்ததும் அடங்கிவிடும். பையை எதற்கு மடியில் வைத்துக்கொண்டு சிரமப்படுகிறீர்கள்? கீழே வையுங்கள், என் காலடியில் இடம் இருக்கிறது. என்ன அது, தக்காளியா? தாளவாடித் தக்காளி நல்ல தக்காளி. வையுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. கோயிலுக்குப் போய்விட்டு வருகிற கிழவி மாதிரி இருக்கிறாள், பிரேக்கைப் பற்றிப் பேசுகிறாளே என்று நினைக்கிறீர்கள். எனக்குப் பிரேக் தெரியும். உடம்பில் சர்க்கரை வந்தவளுக்குச் சர்க்கரையைப் பற்றித் தெரிகிற மாதிரி தெரியும். இந்த மாசி, பங்குனி முழுக்க நான் வேறு எதையும் நினைக்கவில்லை.

கோபியில் பெண்கள் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். செய்யுள்தான் என் பாடம். என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். நான் சந்தம் பிரித்துக் காட்டுவேன், அவர் கியர் பிரித்துக் காட்டுவார். அவர் போன பிறகு, காரை விற்றுவிடுவேன் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நான் விற்கவில்லை. ஓட்டத் தெரியும், ஓய்வும் பெற்றாகிவிட்டது, சும்மா உட்கார்ந்தால் கவிதை எழுத ஆரம்பித்துவிடுவேன் என்ற பயம் வேறு. அதனால் நானே சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். பெண்களுக்கு மட்டும். பெண் சொல்லிக்கொடுத்தால் திட்டமாட்டாள் என்று நிறையப் பேர் வந்தார்கள். நான் திட்டாமல் இல்லை. செந்தமிழில் திட்டுவேன். பாராட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு சிரிப்பார்கள்.

டிரைவிங் ஸ்கூல் காருக்குள்ளே பார்த்திருக்கிறீர்களா? இடது பக்கத்துச் சீட்டின் முன்னாலும் ஒரு பிரேக் இருக்கும். சொல்லிக்கொடுக்கிறவருக்கு. ஒரு கம்பி வழியாக அது ஓட்டுகிறவரின் பிரேக்கோடு சேர்ந்திருக்கும். இந்தப் பக்கம் மிதித்தால் அந்தப் பக்கத்துப் பெடலும் தானாகக் கீழே போகும். ஆபத்துக்குத்தான் அது. நான் அதை அநேகமாகத் தொட்டதே இல்லை. ஒருத்தி மாட்டுவண்டியைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள், அப்போது தொட்டேன். இன்னொருத்தி கல்யாண மண்டபத்துக்குள்ளேயே காரை விடப் பார்த்தாள், அப்போது தொட்டேன். மற்றபடி காலை நீட்டி வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக நெல் வயலைப் பார்த்துக்கொண்டு வருவேன். அவர்கள் கற்றுக்கொள்வார்கள். தொட்டால்தானே நெருப்பு சுடும் என்று தெரியும்? விட்டுவிட வேண்டும். சொல்லிக்கொடுப்பதில் பாதி, விட்டுவிடுவதுதான். இதை நான் ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறேன்.

இந்த வளைவில் கொஞ்சம் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆமாம், அப்படி.

எனக்கு ஒரு மகன். இருக்கிறான். நன்றாகவே இருக்கிறான், அதுதான் குறை. கல்யாணம் ஆன கையோடு வெளிநாடு போனான், மனைவியை அப்புறம் கூட்டிக்கொள்கிறேன் என்றான். கொஞ்ச நாளில் அங்கேயே வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டான். விவாகரத்தும் ஆகிவிட்டது. அவன் மனைவிதான் பிருந்தா. மனைவியாக இருந்தவள். எனக்கு மருமகள். மருமகளாக இருந்தவள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இலக்கணப்படி அப்படித்தான் சொல்ல வேண்டும்.

அவளைப் பெற்றவர்கள் வந்து கூப்பிட்டார்கள். "அத்தைக்குக் கண் ஆபரேஷன் இருக்குதுங்கப்பா, முடிச்சுட்டு வர்றேன்" என்றாள். கண் ஆபரேஷன் முடிந்தது. இன்னொரு கண் இருந்தது. அதுவும் முடிந்தது. அப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஊரில் என்ன பேசிக்கொண்டார்கள் தெரியுமா? "பையன் உட்டுட்டுப் போயிட்டான், மாமியாக்காரி உடமாட்டேங்கறா." எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நானா விடவில்லை? கதவு திறந்துதானே கிடந்தது?

அவள் பிசியோதெரபி படித்தவள். கோபியிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. சாயங்காலம் வந்ததும் ஆளுக்கொரு டம்ளர் காப்பி வைத்துக்கொண்டு உட்காருவோம். அவள் அன்றைக்கு நடந்த நோயாளியைப் பற்றிச் சொல்வாள், நான் அன்றைக்கு ஓட்டிய மாணவியைப் பற்றிச் சொல்வேன். அவளுடைய நோயாளிகள் என் மாணவிகளைவிடச் சீக்கிரம் தேறினார்கள்.

தை மாதக் கடைசியில் ஒருநாள், காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னாள். "அத்தை, தாளவாடியில ஒரு வேலை வந்திருக்குது. மலைக்கிராமத்துல வீடு வீடாப் போய், படுத்துக் கிடக்கறவங்களை நடக்க வைக்கற வேலை. தங்க வீடு குடுக்கறாங்க. ஜீப்பும் குடுக்கறாங்க. ஆனா நானே ஓட்டோணும். சித்திரை பிறக்கறதுக்குள்ள லைசென்ஸோட வரச் சொல்றாங்க."

நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? போகாதே என்றா? ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நல்ல வேலை கண்ணு, நீ போகத்தான் வேணும்" என்றேன். "நானே சொல்லித் தர்றேன்" என்றேன். வேறு யாரிடமாவது விடுவேனா? அன்றைக்கே எல்.எல்.ஆருக்கு எழுதிப் போட்டோம். மறுநாள் காரை நாச்சிமுத்துவின் பட்டறையில் விட்டேன். நாச்சிமுத்துதான் எங்கள் மெக்கானிக். என் வீட்டுக்காரர் காலத்திலிருந்து அவன்தான். கை பாதி வேலை செய்யும், வாய் மீதி வேலையைச் செய்யும்.

"பிரேக் பேடு தேஞ்சிருந்தா மாத்திரு, நாச்சிமுத்து. பிருந்தா ஓட்டப் போறா."

"இன்னும் ஒரு வருசம் வருமுங்க மேடம்."

"வராது. மாத்து. அப்புறம் என் பக்கத்து பிரேக் லொடலொடன்னு இருக்குது. கம்பியை இழுத்துக் கட்டு. கால் பட்டாப் பிடிக்கோணும்."

"அந்த அளவுக்கு இழுத்தா, நீங்க தும்மினாக்கூடப் பிடிக்குமுங்க."

"நான் தும்மமாட்டேன். கட்டு."

கட்டினான். சக்கரத்துத் தட்டை உரசி நிறுத்துகிற பேடும் புதிது போட்டான். மறுநாள் சாயங்காலம் பிருந்தாவை உட்காரவைத்து, கொடிவேரி ரோட்டில் வாய்க்காலை ஒட்டி ஓட்டச் சொன்னேன். நன்றாக ஓட்டினாள் என்று சொல்லமாட்டேன். நிதானமாக ஓட்டினாள். கார் கொஞ்சம் இழுக்க மறுத்தது, மணலில் போகிற வண்டி மாதிரி. திரும்பி வரும்போது இந்த வாசனை வந்தது. இதே வாசனை. இறங்கி முன் சக்கரத்தின் மேல் தண்ணீர் தெளித்தேன். தோசைக்கல்லில் தெளித்த மாதிரி சுர்ரென்றது.

நாச்சிமுத்து பார்த்தான். "புதுப் பேடுங்க மேடம். மொதல்ல உரசத்தான் செய்யும். கொஞ்சம் பழகட்டும்" என்றான். சரி, புதிதாக வந்தது எதுவும் பழகத்தான் வேண்டும் என்று விட்டேன். பழகவில்லை. ஒவ்வொரு நாளும் சூடு. ஒருநாள் சக்கரத்திலிருந்து மெல்லிசாகப் புகைகூட வந்தது. பிருந்தா பக்கத்தில் நின்றுகொண்டு அந்தப் புகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பேடு டூப்ளிகேட்டா இருக்கும்" என்று அடுத்ததாகச் சொன்னான். கழற்றிவிட்டு வேறு போட்டான். அதுவும் சுட்டது.

"காலிப்பர்ல பின்னு காஞ்சிருக்கும். பேடைக் கவ்விப் பிடிச்சிட்டு விடாம இருக்கும்" என்றான். காலிப்பர் என்பது இரண்டு விரலால் வடையைப் பிடிக்கிற மாதிரி, சக்கரத்துத் தட்டை இரண்டு பக்கமும் பிடிக்கிற இரும்பு. அதைக் கழற்றித் துடைத்து, கிரீஸ் போட்டு மாட்டினான். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கையால் தள்ளிவிட்டான். காற்றாடி மாதிரி சுற்றியது. இந்தப் பக்கமும் சுற்றியது, அந்தப் பக்கமும் சுற்றியது. "பாருங்க மேடம், எங்கயும் பிடிக்கலை" என்றான். சாயங்காலம் ஓட்டினோம். சுர்ரென்றது.

நானும் சும்மா இருக்கவில்லை. எனக்குக் காது நல்ல காது, அம்மிணி. அடி தளை தட்டினால் தூக்கத்திலேயே எழுந்துகொள்வேன். ஜன்னலில் காதை வைத்துக்கொண்டு கேட்டேன். மெல்லிய இழுவைச் சத்தம் ஒன்று, ஓரிடத்தில் ஓங்கி ஓரிடத்தில் ஒடுங்கி, நொண்டிச் சிந்து மாதிரி வந்தது. "நாச்சிமுத்து, தட்டு கோணியிருக்கிறது. சுற்றுக்கு ஒருமுறை சந்தம் மாறுகிறது" என்றேன். அவன் தட்டைக் கழற்றி, தரையில் படுத்துக் கண்ணை வைத்துப் பார்த்தான். "எனக்கு நேராத்தானுங்க தெரியுது. நீங்க வேணும்னா பாட்டாப் பாடிக் காட்டுங்க" என்றான். அந்தக் கிண்டலைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். பிருந்தாவுக்கு டெஸ்ட் தேதி வந்துகொண்டிருந்தது.

இன்னொரு வேடிக்கை சொல்கிறேன். பால்காரர் சின்னான் ஒருநாள் எங்கள் பின்னால் மொபெட்டில் வந்துவிட்டு, வீட்டு வாசலில் நிறுத்தினார். "டீச்சரம்மா, கொடிவேரியில இருந்து உங்க பின்னாடியேதான் வந்தனுங்க. பின்னாடி செவப்பு லைட்டு அணையவே இல்லை. நிக்கப் போறீங்க நிக்கப் போறீங்கன்னு நானும் வழி நெடுக நின்னு நின்னே வந்தேன்" என்றார். உடனே நாச்சிமுத்துவிடம் போய் லைட் சுவிட்சை மாற்றச் சொன்னேன். மாற்றினான். இப்போது சொல்லும்போது சிரிப்பாக இருக்கிறது. வீடு பற்றி எரிகிறது என்று ஒருவர் வந்து சொன்னால், நான் அவருக்கு நல்ல கண்ணாடி வாங்கிக் கொடுத்து அனுப்புகிற ஆள்.

அந்த வாரம் டெஸ்ட் தேதி வந்து போய்விட்டது. கார் பட்டறையில் சக்கரம் இல்லாமல் கல்லின் மேல் நின்றது. "போகட்டும் கண்ணு, அடுத்த தேதி வாங்கிக்கலாம்" என்றேன். அவள் தலையாட்டினாள். அன்றைக்குக் காப்பி நன்றாக இருந்தது, எனக்கு நினைவிருக்கிறது. மழைகூடப் பெய்தது.

நீங்கள் கேட்க மாட்டீர்கள், மரியாதை தெரிந்தவர். நாச்சிமுத்து கேட்டான். "மேடம், காலையில மத்தவங்க ஓட்டறப்ப சூடாகுதுங்களா?"

"இல்லை."

"மத்தியானம்?"

"இல்லை. சாயங்காலம் பிருந்தா ஓட்டும்போதுதான்."

"பிரேக்குக்குப் பொழுது தெரியுமுங்களா?"

"பகல் முழுக்க வெயில் வாங்கின ரோடு. சாயங்காலத்துக்குக் கொதித்துக் கிடக்கிறது" என்றேன். அதை நான் நம்பினேன், அம்மிணி. மத்தியான வெயிலில் ஓட்டின இன்னொரு மாணவி பூங்கோதைக்கு ஏன் சுடவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. முப்பது வருடம் பிள்ளைகளின் விடைத்தாளில் "காரணம் போதவில்லை" என்று சிவப்பு மையில் எழுதியவள் நான்.

கடைசியாக அவன் ஹோஸைப் பிடித்தான். பிரேக் ஆயில் போகிற ரப்பர் குழாய். "உள்ளுக்குள்ள வீங்கிப் போயிருக்கும். ஆயிலை உள்ள விடும், திரும்ப வெளிய விடாது. அதான் பிரேக் பிடிச்சது பிடிச்சபடி நிக்குது" என்றான். அந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது. உள்ளே விடும், வெளியே விடாது. ஒரு குழாய்க்கு எவ்வளவு பிடிவாதம் பாருங்கள். இரண்டு பக்கமும் புதிது போட்டான். "நானே கூடப் போய்ப் பார்த்துட்டு வர்றேன்" என்று இடது பக்கத்தில் ஏறினான். அவனுக்கு எங்கே உட்கார்ந்தாலும் சம்மணம் போட்டுத்தான் உட்கார வேண்டும். டீக்கடைப் பெஞ்சிலும் அப்படித்தான், என் கார் சீட்டிலும் அப்படித்தான். பிருந்தா ஓட்டிக்கொண்டு போனாள்.

திரும்பி வந்து, சக்கரத்தில் என் கையைப் பிடித்து வைத்தான். சுடவில்லை. "ஹோஸுதானுங்க மேடம். நான் ஆரம்பத்துலயே சொன்னேனில்ல?" என்றான். ஆரம்பத்தில் அவன் சொன்னது வேறு. ஆனாலும் வாழ்த்தினேன். டீ வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் சாயங்காலம் நானும் பிருந்தாவும் போனோம். பாரியூர்கூடத் தாண்டவில்லை, வாசனை வந்துவிட்டது.

பட்டறை வாசலில் காரை நிறுத்தச் சொல்லிவிட்டு, நான் அவனைப் பிடி பிடியென்று பிடித்தேன். "நீ உட்கார்ந்தா சூடாகாது, நான் உட்கார்ந்தா சூடாகுதா? கார் ஆள் பார்க்குதா நாச்சிமுத்து? ஒரு பேடு மாத்தத் தெரியாம என் வண்டியையே பாழாக்கிட்டியே. இந்தப் பிள்ளையோட வேலை போகப் போகுது, தெரியுமா உனக்கு?" என்று கத்தினேன். செந்தமிழ் வரவில்லை அன்றைக்கு. அவன் பிருந்தாவைப் பார்த்தான். பிருந்தா சக்கரத்தைப் பார்த்தாள். "வண்டியில நோவு இருக்கற மாதிரித் தெரியலீங்க மேடம்" என்று முணுமுணுத்துவிட்டு, வராத ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். கோழை.

நாங்கள் வீட்டுக்குக் கிளம்பினோம். வாய்க்கால் மேட்டில் பிருந்தா காரை ஓரம் கட்டினாள். என்ஜினை நிறுத்தினாள். வாய்க்காலில் தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு கையையும் ஸ்டியரிங் மேலேயே வைத்துக்கொண்டு, முன்னால் பார்த்தபடி சொன்னாள்.

"அத்தை, இந்தக் காருல நான் இன்னும் ஒரு தரம்கூட பிரேக் மிதிச்சது கெடையாது."

எனக்குப் புரியவில்லை.

"என் கால் போறதுக்கு முன்னாடியே பெடல் கீழ போயிருக்கும். எப்பவும். ஆள் வந்தாலும் போயிருக்கும், ஆள் வராட்டியும் போயிருக்கும். இப்பக்கூட வண்டி நின்னுருச்சு. கீழ பாருங்க."

பார்த்தேன். செருப்புப் போட்ட ஒரு கால் என் பக்கத்து பிரேக்கின் மேல் வசதியாக உட்கார்ந்திருந்தது. தன் வீட்டில் இருக்கிற மாதிரி. அது என்னுடைய கால்தான் என்று நிச்சயப்படுத்திக்கொள்ளக் கட்டைவிரலை அசைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அசைந்தது.

"எப்ப இருந்து?" என்றேன்.

"மொத நாள்ல இருந்து."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்களே எடுத்துருவீங்கன்னு இருந்தேன்."

அப்போதும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. "நாச்சிமுத்து கம்பியை ரொம்ப இழுத்துக் கட்டிட்டான்" என்றேன். அது உண்மைதான். அவன் இழுத்துக் கட்டாவிட்டால் கால் சும்மா மேலே இருந்ததற்கெல்லாம் பிடித்திருக்காது. பழைய பேடாக இருந்திருந்தாலும் இவ்வளவு சுட்டிருக்காது. ஒரு பங்கு அவன் மேலும் இருக்கிறது, இன்றைக்கும் சொல்வேன்.

பிருந்தா வாதாடவில்லை, சிரித்தாள். "அத்தை, நாச்சிமுத்து அண்ணன் மாதிரி சம்மணம் போட்டு உக்காருங்க. ஒரே ஒரு தரம். கொடிவேரி போயிட்டு வந்துருவோம்" என்றாள். "எனக்கு மூட்டு வலிக்கும்" என்றேன். "வலிச்சா நான் பார்த்துக்கறேன், என் வேலையே அதுதானே" என்றாள். அவளுக்கும் வாய் உண்டு.

செருப்பைக் கழற்றிவிட்டு, பந்தியில் உட்காருகிற மாதிரி சீட்டின் மேல் சம்மணம் போட்டேன். முழங்கால் இரண்டும் ஆளுக்கொரு பாட்டுப் பாடின. அவள் கிளப்பினாள். அம்மிணி, எங்கள் கார் ஓடும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவ்வளவு லேசாக, வாய்க்காலில் விட்ட வாழை மட்டை மாதிரி போயிற்று. இழுவைச் சத்தம் இல்லை, நொண்டிச் சிந்து இல்லை. வளைவில் ஓர் ஆட்டுக் கூட்டம் வந்தது. என் கால் சீட்டின் மேலே, எனக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது, என்ன செய்ய முடியும்? கண்ணை மூடிக்கொண்டேன். மாட்டுவண்டியைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டவளை எப்படியெல்லாம் திட்டியிருக்கிறேன். கண்ணைத் திறந்தபோது கார் நின்றிருந்தது. கொஞ்சம் வெடுக்கென்றுதான் நின்றது. ஆடுகள் கடந்து போய்க்கொண்டிருந்தன. கடைசி ஆடு எங்களைத் திரும்பிப் பார்த்தது.

"மிதிச்சேன் அத்தை" என்றாள்.

வீட்டு வாசலில் இறங்கி, தண்ணீர் தெளிக்காமல் நேராகவே சக்கரத்தில் கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது, கன்றுக்குட்டியின் நெற்றி மாதிரி. கையை எடுக்கத் தோன்றவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். தப்பாக நினைக்காதீர்கள், சம்மணம் போட்டதில் இரண்டு காலும் மரத்துப்போய்விட்டன. மரத்துப்போன கால் திரும்ப உயிர் வரும்போது எப்படி இருக்கும், உங்களுக்கே தெரியும். அதற்குத்தான் அழுதேன். பிருந்தாவிடமும் அதைத்தான் சொன்னேன். அவள் என் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக நீவிவிட்டாள். தொழில் தெரிந்தவள், கால் எதனால் மரத்தது என்று தெரியாதா?

அடுத்த தேதிக்கு டெஸ்டுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் இடது பக்கத்தில், என் இடத்தில் ஏறி உட்கார்ந்தார். நான் மைதானத்து ஓரத்தில் புங்கமரத்தடியில் நின்றேன். போனாள், வளைத்தாள், பின்னால் எடுத்தாள். நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தினாள். இன்ஸ்பெக்டரின் மூக்குக் கண்ணாடி நழுவி மடியில் விழுந்தது. இறங்கும்போது, "பிரேக் நல்லா இருக்குதும்மா, புதுப் பேடுங்களா?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன்.

பங்குனி கடைசியில் மலை ஏறிவிட்டாள். பெட்டி கட்டும்போது நான்தான் சீக்கிரம் சீக்கிரம் என்று விரட்டினேன். நல்ல நேரம் போய்விடும் என்று.

இப்போது அவளைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். முதல் தடவை. ஓட்டு வீடு, வாசலில் ஜீப். காலையில் என்னை ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனாள். பக்கவாதம் வந்த ஒரு பெரியவர், தை மாதத்திலிருந்து படுக்கையில் கிடந்தவராம். அவரை எழுப்பி நிற்கவைத்து, இரண்டு அக்குளிலும் கை கொடுத்தாள். நாலு அடி நடந்ததும் ஒரு கையை எடுத்தாள். அப்புறம் இன்னொரு கையையும் எடுத்துவிட்டு, தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் ஆடினார். எனக்கு உயிர் போய்விட்டது. "பிடி கண்ணு, பிடி" என்று கத்திவிட்டேன். அவள் பிடிக்கவில்லை. அவர் ஆடி ஆடி, சுவர் வரைக்கும் போய்த் தொட்டுவிட்டார். அவருடைய சம்சாரம் என்னைப் பார்த்து, "டாக்டரம்மாவைப் பெத்தவங்களா?" என்று கேட்டாள். பிருந்தா, "ஆமாங்க" என்று சொல்லிவிட்டாள். நான் திருத்தவில்லை. எல்லாவற்றையும் திருத்திக்கொண்டே இருக்க முடியுமா?

"நானே ஜீப்புல கொண்டுவந்து கோபியில விட்டுட்டு வர்றேன் அத்தை. இப்ப வளைவெல்லாம் எனக்கு அத்துபடி" என்றாள். வேண்டாம் என்று பஸ் ஏறிவிட்டேன். அவளுக்கு வேலை கெடும் என்றுதான். ஜீப்பில் இடது பக்கம் வெறும் தரை, அங்கே ஒன்றும் கிடையாது. அது வேறு விஷயம். அவள் வருத்தப்பட்ட மாதிரித் தெரியவில்லை. பஸ் திரும்புகிறவரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

இருங்கள், ஃபோன் அடிக்கிறது. அவள்தான்.

ஆமாம் கண்ணு, எறங்கியாச்சு. பண்ணாரி வந்தாச்சு. இல்லை, ஒரு பயமும் இல்லை. நல்ல டிரைவர். பக்கத்துல ஒரு அம்மிணி இருக்காங்க, பேசிட்டே வந்தோம். நீ சாப்பிட்டியா? சரி. மெதுவாப் போ. இல்லை, இல்லை, உன் இஷ்டப்படியே போ. வெச்சிடறேன்.

பாருங்கள், தரை வந்துவிட்டது. வாசனையும் நின்றுவிட்டது, சொன்னேன் அல்லவா? இந்த டிரைவருக்கும் நான் ஒன்று சொல்லலாம் என்று நினைத்தேன். காலை எந்நேரமும் பிரேக் மேலேயே வைத்துக்கொண்டு இறங்கக்கூடாது, கியரில் விட்டுவிட வேண்டும். சொன்னால் கேட்பாரா என்று விட்டுவிட்டேன். நீங்கள் சத்தியில் இறங்குகிறீர்களா? சரி, உங்கள் பையை எடுத்துத் தருகிறேன்.

ஐயோ அம்மிணி.

என்ன இது, என் கால் இங்கே எப்படி வந்தது? செருப்பெல்லாம் நனைந்து கிடக்கிறது. தக்காளி பாதிக்கு மேல் கூழாகிவிட்டதே. எப்போதிருந்து மிதித்துக்கொண்டு வருகிறேன்? முதல் வளைவிலிருந்தா? இருபத்தேழு வளைவும் பார்த்துக்கொண்டா உட்கார்ந்திருந்தீர்கள்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?

சிரிக்கிறீர்கள். அவளும் அன்றைக்கு வாய்க்கால் மேட்டில் இப்படித்தான் சிரித்தாள்.